நாலு விரல் உசரம்

– நிறுத்துங்க. மேல இடிக்குது.

– எது இடிக்குது? கையை ஆட்டாம வாயால சொல்லு. கண்ணாடியில உன் முந்தானைதான் தெரியுது.

– பெட்டி இடிக்குதுங்க, வாசல் உத்தரத்துல. இன்னும் கொஞ்சம் பின்னாடி வந்தீங்கன்னா அதோட தலை நசுங்கிரும்.

– இடிக்காது. உசரம் பார்த்துத்தான் கட்டினேன்.

– இறங்கி வந்து பார்த்துட்டு அதையே சொல்லுங்க.

– ஆமா, பெட்டி நாலு விரல் உசரம் கூடத்தான் இருக்கு.

– சுரங்கத்துல ஓடித் தேஞ்ச ஃபோர் வீல் டிரைவ் லாரியைக் கொண்டாந்து, மேல வீடு மாதிரி பெட்டி கட்டி, உள்ள படுக்கை போட்டு, அடுப்பு வச்சு, ரெண்டாவது டீசல் டேங்க் மாட்டி, மணல்ல புதைஞ்சா போட இரும்புப் பலகை வரைக்கும் தொங்கவிட்டாச்சு. பாலைவனம் தாண்டணும், ரோடே இல்லாத மலைக்கெல்லாம் போகணும்னு வருஷக்கணக்கா பேசியாச்சு. இப்ப நம்ம ஷெட்டு வாசலைத் தாண்டல.

– நீதான அளந்த? வாசல் எவ்வளவுன்னு கேட்டேன், பதினஞ்சு சாண்னு சொன்ன. நான் பதினாலுலயே நிறுத்திட்டேன்.

– யாரு சாணுல?

– என் சாணுலதான்.

– நான் என் சாணுல அளந்தேன்ல. கையைக் கொண்டாங்க, என் கை மேல வைங்க. பாருங்க, அகப்பை மாதிரி. ஏன், டேப்பு என்னாச்சு?

– அது வெல்டிங் பொறி பட்டுக் கருகி எந்தக் காலமாச்சு. தார்ப்பாய் தைக்கிறவ, இவ சாண் தப்பாதுன்னு நம்பினேன்.

– என் சாண் தப்பலை. உங்களுக்குத்தான் போக மனசில்ல. முதல்ல கியர் பெட்டி சரியில்லன்னீங்க, அப்புறம் ஸ்பிரிங் பட்டை, இப்ப உத்தரம்.

– வேணும்னேவா செஞ்சேன்?

– சாயங்காலம் ஷெட்டுச் சாவியைப் புது ஆளுக்குக் குடுக்கணும். வீட்டையும் விட்டாச்சு. இது வெளிய வரலேன்னா நாம எங்க போய் நிக்கிறது?

– என்ன தங்கச்சி, டாட்டா காட்டலாம்னு பஞ்சர் கடையைப் போட்டுட்டு வந்து நிக்கிறேன், இங்க சண்டை நடக்குது.

– வாங்கண்ணே. உங்க மாப்ள கட்டின அழகைப் பாருங்க.

– அட. குடத்துக்குள்ள கையை விட்ட கதையால்ல இருக்கு. சரி, விஷயம் சிம்பிள் மாப்ள. உத்தரத்தை அறுத்துருவோம்.

– கூரையே அதுலதான் நிக்குது மச்சான். ஷெட்டு இனி நம்மளதும் இல்ல.

– அப்ப பெட்டியை அறுப்போம்.

– உங்க கம்ப்ரசரை முதல்ல அறுங்க, அப்புறம் பெட்டிக்கு வரலாம்.

– கோவிக்காதீங்க மாப்ள. வாசல் வளராது, வண்டிதான் குனியணும். நாலு டயர்லயும் காத்தை இறக்குறேன்.

– அதுல ரெண்டு ரெண்டரை விரல் இறங்கும். மீதிக்கு?

– மீதிக்கு நான் ஒருத்தன் ஏறினா போதாதா?

– கல்லுல ஏறட்டும்னு ஸ்பிரிங் பட்டையைத் தடிசாப் போட்டிருக்கேன் மச்சான். உங்களுக்கெல்லாம் அசையாது.

– வண்டியில இருக்கிற தண்ணித் தொட்டி காலியாத்தானே கிடக்கு? அதை ரொப்புங்க. அண்ணே, நீங்க போய் சலூன்காரர், அச்சாபீஸ்காரர், லேத்துப் பட்டறை ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. உடம்புள்ளவங்களா பார்த்து.

– தங்கச்சிக்கு மூளை எங்க வீட்டு மூளை.

– காத்து இறக்கியாச்சு, தொட்டியும் ரொம்பியாச்சு. எல்லாரும் ஏறியாச்சா? சலூன்காரரே, என் மெத்தை மேல செருப்புக் காலை வைக்காதீங்க. அண்ணே, நீங்க கடைசிக்குப் போய் உட்காருங்க, அங்கதான் இடிக்குது.

– உட்கார்ந்துட்டேன். பட்டை முனகுது மாப்ள.

– முனகட்டும். ஏய், எடுக்கட்டுமா?

– எடுங்க. மெதுவா. இன்னும். உள்ள யாரும் அசையாதீங்க, தும்மாதீங்க. வாங்க.

– உரசுதா?

– ஒரு நூல் போற இடம் இருக்கு. வாங்க, வாங்க. பாதி வந்துருச்சு. வளைக்காதீங்க, அப்படியே விடுங்க. வந்துருச்சு.

– முழுசா?

– மூக்கு வரைக்கும் வெளியதான் நிக்குது. எட்டிப் பாருங்க.

– அப்பாடா. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு.

– எல்லாரும் இறங்குங்கப்பா, நல்லாருப்பீங்க. அண்ணே, டயருக்குத் திரும்பக் காத்து அடிக்கணும், அந்தக் காத்துக் குழாயை இங்க வரைக்கும் இழுத்துக்கங்க.

– இழுத்தாச்சு தங்கச்சி. கம்ப்ரசர் போட்டா நீங்க பேசுறது எனக்குக் கேக்காது, ஏதாச்சும்னா கையைத் தட்டுங்க.

– என்ன, வண்டி வெளிய வந்தும் உன் முகத்துல சந்தோஷத்தைக் காணோம்?

– சொன்னா சிரிக்கக் கூடாது.

– சொல்லு.

– மேல இடிச்சப்ப எனக்கு அப்படியே நிம்மதியா இருந்துச்சுங்க. உங்களைத் திட்டினது வெறும் வாய்.

– நிஜமாவா?

– தார்ப்பாய் கிழிஞ்சா தைப்பேன். ஆளே இல்லாத இடத்துல ராத்திரி முழுக்கக் காத்து அடிக்கும்னாங்களே, அதை என்னத்தைத் தைக்கிறது?

– எனக்கும் அதே கதைதான். உத்தரத்தைப் பார்த்ததும், சரி, இன்னிக்கு ராத்திரி இங்கயே படுத்துக்கலாம்னு தோணுச்சு. போறவங்களுக்குப் பெட்டி கட்டிக் குடுப்பேன், அவங்க திரும்பி வந்து கதை சொன்னா கேட்டுக்கிட்டே நட்டை முறுக்குவேன். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?

– இதை முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதா?

– நீ ஆசையா தைச்சுக்கிட்டு இருந்த.

– நீங்க ஆசையா வெல்டிங் வைக்கிறீங்களேன்னுதான் நான் தைச்சேன்.

– நல்லா கட்டினோம் போ.

– புது ஆள்கிட்ட ஒரு மாசம் கேட்டுப் பார்ப்போமா? தன்மையான மனுஷன்தான்.

– கேட்டா குடுப்பான்.

– அப்ப சட்டுன்னு வண்டியை உள்ள விட்டுருங்க. அண்ணனுக்கு நான் சொல்லிக்கிறேன்.

– ஆளுங்கல்லாம் இறங்கிட்டாங்களே.

– தண்ணி இருக்கு. டயரும் இன்னும் சப்பையாத்தானே இருக்கும்?

– கம்ப்ரசர் சத்தம் நின்னுருச்சு.

– அண்ணே, காத்து எதுவரைக்கும் ஏறியிருக்கு?

– நாலு டயரும் கல்லு மாதிரி ஆயிருச்சு தங்கச்சி. இனி வண்டி உள்ள போகாது. ஏறுங்க ரெண்டு பேரும்.