குண்டூசிக்கு ஒரு பாவம் வேணும்

ஹலோ... ஆமா, பள்ளிக்கூடம்தான்... ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர்தான் பேசறேன்... ஓ, ஃபாதரா! தோத்திரம் ஃபாதர். என்ன குரல் இப்படிக் கட்டியிருக்கு, காலையில கோயில்ல கத்தினதா?... சரி சரி, பிரசங்கம் வெச்சதா. மன்னிச்சுக்கோங்க.

சொல்லுங்க... ஆமா... ஆமா, மூணாங்கிளாஸ் டீச்சர் வந்து சொன்னாங்க... எந்தப் பொண்ணா? நம்ம குண்டூசிதான். வேற யாரு இருக்கா நம்ம உயிர வாங்க...

என்னது? பேர எடுத்துடணுமா?... இருங்க, இருங்க. நாளைக்குப் புள்ளைங்க உங்ககிட்ட பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனம், நாளன்னைக்கு முதல் தடவையா நற்கருணை வாங்கற புதுநன்மை. இப்ப வந்து அந்த ஒரு புள்ளைய மட்டும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லச் சொல்றீங்களா?... கேக்குது ஃபாதர், நல்லாவே கேக்குது. நம்பத்தான் முடியல.

டீச்சர் உங்ககிட்ட பாதியத்தான் சொல்லியிருக்காங்க. முழுசா நான் சொல்றேன்... ஆமா... ஆமா, சுருக்கமாத்தான்.

நேத்து பாவசங்கீர்த்தனத்துக்கு ஒத்திகை. உங்க நாற்காலியில பி.டி. மாஸ்டர் உக்காந்திருக்கார். நடுவுல ஸ்டாஃப் ரூம் மேசைத்துணிய திரையாக் கட்டியிருக்கு. பாவம் எதுவும் ஞாபகம் வராத புள்ளைங்களுக்காக சுவத்துல ஒரு சார்ட்டு... அதேதான், நான் எழுதினதுதான், நீங்க இங்க படிச்ச காலத்துலேர்ந்து தொங்குது. மாதிரிப் பாவங்கள். முதல் வரி, 'தம்பியை அடித்தேன்'. முதல் வரியா இருக்கறதால மொத்த கிளாசும் அதையே எடுத்துக்கிச்சு. தம்பி இருக்கறவன், இல்லாதவன், அக்கா மட்டும் இருக்கறவ, எல்லாரும் வரிசையா வந்து தம்பிய அடிச்சேன், தம்பிய அடிச்சேன். பி.டி. மாஸ்டர் பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போயி என்கிட்ட ஓடி வந்தார். சிஸ்டர், இந்தக் கிளாஸ்ல பெத்தவங்களக் கூப்பிட்டுப் பேசணும்னு... சிரிக்காதீங்க, நான் இன்னும் முடிக்கல.

இவ முறை வருது. திரைக்குப் பக்கத்துல முட்டி போடறா. வாயே திறக்கல. மாஸ்டர், சார்ட்டப் பாத்துச் சொல்லும்மாங்கறார். இவ என்ன சொன்னா தெரியுமா? 'எனக்குத் தம்பி இல்ல சார். அடிச்சேன்னு சொன்னா பொய். பொய் சொன்னா பாவம். பாவம் செய்யவா சார் இங்க வந்திருக்கோம்?'

அதுக்கு நம்ம டீச்சர் புத்திசாலித்தனமா என்ன சொல்லியிருக்காங்க? 'சரிம்மா, முதல்ல பொய் சொல்லு, அப்புறம் அந்தப் பொய்யையே பாவமாச் சொல்லிடு'... ஆமா. சத்தியமா. மறைக்கல்வி நோட்டுல இதுக்கு எந்த மூலையில இடம் இருக்குன்னு நீங்கதான் காட்டணும்.

ம்... ம்... இல்ல ஃபாதர், 'எனக்குப் பாவமே இல்ல'ன்னு அவ சொல்லல. அது டீச்சர் சேத்துக்கிட்டது. 'இப்போதைக்கு ஞாபகம் வரல, யோசிச்சுக்கிட்டிருக்கேன்'னு சொன்னா... கர்வமா? அந்தப் பொடிசுக்கா? செருப்ப இன்னும் கால் மாத்திப் போட்டுக்கிட்டு வருது ஃபாதர்!

சரி, நான் ஒண்ணு கேக்கறேன். தவணைக்கு ஒரு நற்பண்புன்னு பாடத்திட்டம் போட்டது யாரு?... சொல்லுங்க, யாரு?... ஆங். தாளாளர் நீங்கதானே. முதல் தவணை 'பகிர்தல்'. ஒருத்தன் அவங்கப்பா மூக்குக் கண்ணாடியக் கொண்டாந்து வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டான். ரெண்டாவது 'மன்னிப்பு'. மன்னிப்பு அட்டைன்னு ஒண்ணு செஞ்சு கையில குடுத்தோம். பசங்க முதல்ல அட்டைய நீட்டிட்டு அப்புறம் குத்து விட்டானுங்க. இப்ப மூணாவது 'உண்மை'. ஒவ்வொரு பாடத்துலயும் உண்மை வரணும்னு நீங்க சொன்னீங்க. கணக்கு டீச்சர், ரெண்டும் ரெண்டும் நாலுங்கறது ஏற்கெனவே உண்மைதானே, இதுக்கு மேல நான் என்னத்தச் சேக்கறதுன்னு தலையப் பிச்சுக்கிட்டாங்க. இத்தனை கூத்துலயும் பாடத்த ஒழுங்காக் கத்துக்கிட்டது ஒரே ஒரு புள்ள. அத நாம ஃபெயிலாக்கப் போறோம்!

ஒரு நிமிஷம்... ஆயாம்மா, பெல் அப்புறம் அடிக்கலாம், விளையாடட்டும்... ஹலோ, சொல்லுங்க.

ஆமா, கல்வி அதிகாரி வந்தப்ப பேசினவளேதான். பள்ளிக்கூடத்துல என்ன பிடிக்கும்னு அவர் கேட்டதுக்கு, கக்கூஸ் பிடிக்காதுன்னா... மானம் போச்சுதான். ஆனா மறுநாளே கக்கூஸுக்குத் தண்ணிக் குழாய் வந்துச்சா இல்லையா? நான் எத்தனை கடுதாசி போட்டிருப்பேன் உங்களுக்கு!

...

இல்ல ஃபாதர். விதி, விதின்னு சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை அத்தனை புள்ளைங்களும் வெள்ளை உடுப்புல முன்னாடி நடக்கும். இவ மட்டும் கலர் கவுனப் போட்டுக்கிட்டுக் கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பா. அவங்கம்மா தையக்காரி. ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் தெச்சுக் குடுத்துட்டு, தன் புள்ளைக்குத் தெச்சத மடிச்சு உள்ள வெக்கணும். உண்மை பேசினா இதுதான் கெடைக்கும்னு அந்தப் புள்ள சாகற வரைக்கும் மறக்காது. நாம சொல்லிக் குடுத்ததுலயே அது ஒண்ணுதான் நிக்கும்.

ம்... ம்... எல்லாரும் சார்ட்டப் பாத்துச் சொல்லும்போது இவளுக்கு மட்டும் என்னன்னு கேக்கறீங்களா?

சரி. நான் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். நீங்களா என் வாயக் கிளறினீங்க... இல்ல, யாரும் இல்ல. குண்டூசிய வெளிய பெஞ்சுல உக்கார வெச்சிருக்கேன், கதவு சாத்தியிருக்கு.

நீங்க மூணாங்கிளாஸ் படிக்கும்போது ஒத்திகைக்குத் திரைக்கு இந்தப் பக்கம் யாரு உக்காந்திருந்தது?... ஆங். நான்தான். ஒத்திகைக்கு எந்த ரகசியமும் கெடையாது, அதனால சொல்லலாம். 'தம்பிய அடிச்சேன் சிஸ்டர், மூக்குல ரத்தம் வந்துச்சு சிஸ்டர்'னு தேம்பித் தேம்பி அழுதீங்க. நான் கைக்குட்டை குடுத்தேன். சாயந்திரம் உங்கம்மா கூட்டிட்டுப் போக வந்தாங்க. சின்னவன் எப்படி இருக்கான்னு நான் விசாரிச்சேன். அவங்க, எந்தச் சின்னவன்னு முழிக்கறாங்க!

டேய், ஒத்தப் புள்ளடா நீ! மூக்குல ரத்தமாம்!... மன்னிச்சுக்கோங்க ஃபாதர், பழக்க தோஷம்.

உங்கள யாராவது பேர எடுத்தாங்களா? அந்த ஞாயித்துக்கிழமை முதல் ஆளா நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தீங்க. பொய் சொன்ன புள்ளைக்குக் கெடைச்சது, சொல்ல மாட்டேன்னவளுக்குக் கெடைக்கக் கூடாதா?

என்ன சத்தம் அது, சிரிக்கறீங்களா, இருமறீங்களா?... ஆமா... ஆமா... அப்படிச் சொல்லுங்க! ரொம்ப சந்தோஷம் ஃபாதர்... என்ன நிபந்தனை?... ஒரே ஒரு பாவமாவது. சொந்தமா. நாளைக் காலையில... அதுக்கு நான் எங்க போவேன்? சரி, அவளையே கேக்கறேன், லைன்ல இருங்க.

குண்டூசி! உள்ள வா... அய்யோ!... ஒண்ணுமில்ல ஃபாதர், கதவத் திறந்தேன், அப்படியே உள்ள வந்து விழறா. காது செவசெவன்னு இருக்கு, கன்னத்துல கதவுக் கோடு பதிஞ்சிருக்கு. என்னடி பண்ணிக்கிட்டிருந்த?... ம்... எப்பலேர்ந்து?... மொதல்லேர்ந்தா!

ஃபாதர், பாவம் கெடைச்சிருச்சு! ஒட்டுக் கேட்டிருக்கா! சொந்தப் பாவம், சுடச்சுட! சார்ட்டுலகூட இல்லாதது!... என்னடி, முந்தானைய இழுக்காத... என்ன?... ம்... ம்... அவர்கிட்டயா? நீயே நாளைக்குக் கேளேன்... சரி, இரு.

ஃபாதர், ஒண்ணும் இல்ல, அவளுக்கு ஒரு சந்தேகமாம். இல்லாத தம்பிய அடிச்சேன்னு சொன்னீங்கல்ல, அந்தப் பொய்ய அப்புறம் யார்கிட்டயாவது பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டீங்களா, இல்ல அப்படியேதான் இருக்கான்னு...

ஹலோ... ஃபாதர்?... ஹலோ?...

வெச்சுட்டார்டி.