ஆணி வைத்த டயர்கள்

தௌனோ: இதெல்லாம் ஒரு டயரா ரீக்கா? வழுக்கைத் தலையாட்டம் பளபளன்னு இருக்கு!

ரீக்கா: இன்னும் ஒரு குளிர்காலம் ஓட்டலாம்னு வீட்டுக்காரர் சொன்னாரு...

தௌனோ: இந்த வண்டியை அவரா ஓட்டுறாரு?

ரீக்கா: நான்தான்.

தௌனோ: அப்ப சொல்லத்தான் செய்வாரு. எங்கெல்லாம் ஓட்டுற?

ரீக்கா: கெமியார்வி சுத்துவட்டாரம். வீடு வீடாப் போற நர்ஸ்ணே நான். ஊசி, மருந்து, புண்ணுக்குக் கட்டு... ஏரிக்கு அந்தப் பக்கம் பூரா மண் ரோடு.

தௌனோ: அப்ப பனிக்கட்டியைக் கவ்வுற ஆணி வச்ச டயர்தான். பேச்சே இல்ல.

ரீக்கா: தார் ரோட்டுல சத்தம் காதைப் பொளக்கும்னாங்களே...

தௌனோ: பொளந்தாப் பொளக்கட்டும். பனிக்கட்டியில வண்டி நிக்கணுமா, உனக்கு ரேடியோ கேக்கணுமா?

ரீக்கா: நிக்கணும்ணே. அது... நிக்கணும்.

தௌனோ: ஏம்மா, குரல் உள்ள போகுது?

ரீக்கா: போன ஜனவரிக்கு அப்புறம் பனியில வண்டியைத் தொடல. திங்கக்கிழமை திரும்பவும் வீடு வீடாப் போகணும். இந்தத் தடவையும் கை நடுங்குச்சுன்னா வேலையை விட்டுடுறேன்னு மேலதிகாரிகிட்ட சொல்லிட்டேன். பதினாலு கிழடுங்க எனக்காகக் காத்துட்டிருக்கு.

தௌனோ: இன்னைக்கு மட்டும் எப்படி வந்த? காலையில உறைபனியாச்சே!

ரீக்கா: நாப்பது கிலோமீட்டர் வேகத்துலயே உருட்டிட்டு வந்தேன். பின்னாடி வந்தவன்லாம் மனசுக்குள்ள திட்டித் தீர்த்திருப்பான்.

தௌனோ: கெமியார்வியிலருந்து எண்பது கிலோமீட்டர்! ஏன், உங்க ஊர்ல டயர் கடையே இல்லையா?

ரீக்கா: மூணு இருக்கு.

தௌனோ: அப்புறம்?

ரீக்கா: இந்தாங்க, காபித்தூள்.

தௌனோ: டயர் மாத்த வந்தவ காபித்தூள் எதுக்கு...

ரீக்கா: நம்ம லாப்லாந்துக்காரங்களுக்கு நன்றின்னு வாயில வருமா? பாக்கெட்டைத்தான் நீட்டுவோம். போன ஜனவரி, அன்னைக்கு மைனஸ் முப்பத்தொண்ணு டிகிரி. சாயங்காலம் நாலு மணிக்கே கும்மிருட்டு. என் வண்டி பள்ளத்துல, போன் செத்துப்போச்சு. ஒருத்தர் சங்கிலி போட்டு இழுத்துவிட்டாரு. தன் கையுறையைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டாரு. பேரைக் கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டாரு. கையுறையில இந்தக் கடை பேரு இருந்துச்சு.

தௌனோ: இழுவை வண்டி வச்சிருக்கவன் இழுக்காம... இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?

ரீக்கா: என் உசுருண்ணே அது. எனக்குப் பெருசுதான்.

தௌனோ: சரி சரி... நாலு டயரும் மாட்டியாச்சு, நட்டை இன்னொரு தடவை இறுக்கிடுறேன்.

ரீக்கா: மூணு தடவை இறுக்கிட்டீங்க!

தௌனோ: அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நீயும் ஒரு தடவை இறுக்கு. முதல் ஐநூறு மெதுவாப் போ, ஆணி நல்லாப் பதியட்டும். அப்புறம்... அந்தப் பாக்கெட்டை எடுத்துட்டுப் போம்மா.

ரீக்கா: ஏன், இந்தத் தூள் ஆகாதா?

தௌனோ: அன்னைக்கு நீ பள்ளத்துல எப்படி விழுந்தேன்னு வீட்டுல சொன்ன?

ரீக்கா: டயர் வழுக்கிடுச்சுன்னு.

தௌனோ: டயர் மேல பழி போடாத. உன் கை மேலயும் போடாத. எதிர்ல வந்தவன் நான்தான். வண்டிக்கு மேல இருக்க நாலு பெரிய விளக்கையும் அணைக்காம வந்துட்டேன். உனக்குக் கண்ணு கூசித்தான்... எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அன்னைக்குப் பேரைச் சொல்லுவேன்?

ரீக்கா: தெரியும்ணே. கண்ணைப் பறிச்ச அதே நாலு விளக்குதானே கொஞ்ச நேரத்துல திரும்பி என்கிட்ட வந்துச்சு? ஆளில்லாத ரோடு, யாரும் பாக்கல. நீங்க பாட்டுக்குப் போயிருந்தா நான் விடியறதுக்குள்ள கட்டையாயிருப்பேன். வண்டியை இழுத்துவிட்டதுக்காகவா எண்பது கிலோமீட்டர் வந்தேன்? நீங்க திரும்பி வந்ததுக்காகத்தான் வந்தேன்.