வலது பக்கத்து லீவர்

பைக் கைப்பிடிக்கு பிரேக், கிளட்ச் லீவர் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். சிவப்பு இருக்கிறதா, நீலம் இருக்கிறதா என்று கேட்பார்கள். நான் குறுக்கே பேச மாட்டேன், ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். ஆனால் இருபத்தாறு வருடம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், டர்ட் பைக்குக்கு லீவர் மாற்றும்போது பார்க்க வேண்டியது வேறு. கல்லிலும் மண்ணிலும் ஓடுகிற வண்டி விழாமல் இருக்காது. விழுந்தால் முதல் அடி லீவருக்குத்தான். வார்ப்பில் செய்தது பட்டென்று ஒடிந்துவிடும். அடித்துச் செய்தது வளையும். நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

இதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டாம் சார். எழுத வேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

என் தங்கைக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஆக, அவளுக்கு எல்லாமே நான்தான். எனக்கு இரண்டு மூன்று இடம் கூடி வந்தது, தட்டிக்கழித்துவிட்டேன். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. கல்லூரிக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வேலைக்குப் போன பிறகும் சாயங்காலம் அலுவலக வாசலில் போய் நின்று கூட்டி வந்தேன். ஒருமுறை ஸ்கூட்டர் வாங்கித் தரச் சொன்னாள். ரோடு இருக்கிற இருப்பில் அதெல்லாம் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சொன்னால் கேட்கிற பெண்.

மாப்பிள்ளையைப் பற்றியும் குறையாக ஒன்றும் சொல்ல மாட்டேன். நில அளவையாளர். ஜீப் ஏறாத சரிவுகளுக்கெல்லாம் போக வேண்டியிருப்பதால் டர்ட் பைக் வைத்திருந்தார். கல்யாணமானதும் தனி வீடு பார்க்கிறோம் என்றார்கள். மாடி சும்மாதானே கிடக்கிறது என்று நான்தான் நிறுத்தி வைத்தேன். ஐந்து வருடம் ஒரு மனஸ்தாபம் கிடையாது. இந்த வருடம் அவருக்கு மலைக்கு அந்தப் பக்கம் மாற்றலாகியது. பஸ்ஸில் எட்டு மணி நேரம். அவளும் அங்கேயே வேலை தேடி வாங்கிவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். வண்டியின் இரண்டு லீவரும் ஒடிந்திருந்தன.

"மச்சான், ரெண்டும் போச்சு. நல்லதா பாத்து எடுத்துக் குடுங்க" என்றார் மாப்பிள்ளை.

"எங்க விழுந்தீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே தங்கையைப் பார்த்தார். அவள் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். தோல் வழன்றிருந்தது.

"நான்தாண்ணா விழுந்தேன். ரெண்டு மாசமா பழைய செங்கல் சூளைப் பக்கம் ஓட்டிப் பழகுறேன். இனிமே எங்க போகணும்னாலும் யாரும் வந்து கூட்டிட்டுப் போக வேண்டாம் பாரு."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன்.

இடது பக்கத்துக்கு கிளட்ச் லீவர். கடையில் இருந்ததிலேயே உயர்ந்ததை எடுத்தேன். அதில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. வலது பக்கம் முன் சக்கரத்து பிரேக் லீவர், அதற்குத்தான் உள் அறைக்குப் போனேன். தவறி வந்த சாமான்களைத் திருப்பி அனுப்புவதற்காக ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருப்போம். அதில் வேறு மாடலின் பிரேக் லீவர் ஒன்று கிடந்தது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். உள்ளே பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மூக்கு மட்டும் மயிரிழை அளவு நீளம் கூட. எங்கள் தொழிலில் ப்ளே என்று சொல்வோம், கையை எடுத்ததும் லீவரில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். இதில் இருக்காது. பிடித்தால் பிடிக்கும், விட்டால் முழுதாக விடாது. கடை வாசலில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினால் பிரேக் தன்னாலேயே இறுகும்.

"நானே மாட்டிக்கிறேன் மச்சான்" என்றார் அவர்.

"நீங்க நிலத்த அளங்க மாப்பிள்ள, இது என் வேல" என்றேன்.

மறுநாள் காலையில் சூளைப் பக்கம் நானும் போயிருந்தேன். அவள் ஓட்டி நான் பார்த்ததில்லையே. நன்றாகத்தான் ஓட்டினாள். மூன்றாவது சுற்றில், மேட்டிலிருந்து இறங்கும்போது முன் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளை ஓடினார். நான் நடந்துதான் போனேன்.

"அவ பிரேக்கத் தொடவே இல்ல, நான் பாத்தேன்" என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உங்கள நம்பித்தானே விட்டேன்" என்று வராந்தாவில் நாலு பேர் முன்னால் நான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். மாற்றலான ஊருக்குத் தனியாகத்தான் போனார். வாரம் தவறாமல் வருவார். தூங்குகிறாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த நேரத்தில் அவர் வண்டியைப் பிரித்து உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சாமானாக அளந்து பார்த்து, கடைசியில் லீவரை ஸ்டேஷனுக்கு உங்களிடம் கொண்டுவந்திருக்கிறார்.

மாப்பிள்ளையைக் கொல்லப் பார்த்தாயா என்று காலையில் கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அதை அடித்துவிடுங்கள். ஆணுக்கு ஆண் பகை என்றால் கேட்கிறவர்களுக்குப் புரியும் என்று அப்படிச் சொன்னேன். அவர் ஓட்டுவதாக இருந்தால் லீவரைக் கைப்பிடியிலிருந்து தள்ளி வைத்திருப்பேன். தங்கைக்கு விரல் குட்டை. கவுண்டர் மேல் அவள் கையை விரிக்கச் சொல்லி, எட்டுகிற அளவு பார்த்து நானே திருகி வைத்தேன். ஓட்டப் போவது அவள் என்று தெரிந்துதான் செய்தேன். இதை எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் எழுதுங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் அவள் வந்து நின்றாள். "போதும்ணா, வண்டி புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு" என்றாள். மாப்பிள்ளை தள்ளி நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "புது லீவர் அப்படித்தாம்மா இருக்கும், இன்னும் ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்றேன். சொன்னால் கேட்கிற பெண் என்றேனே.

ஒரு கால் எலும்பு முறியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆறு மாதம் வீட்டில் இருந்தால் அந்த வேலை போய்விடும், பிறகு மெல்லப் பேசிக்கொள்ளலாம். கழுத்து முறிந்து கைகால் விழுந்துபோகும் என்பது நான் நினைத்ததல்ல. நடந்துவிட்டது. மாடி ஏற்ற முடியாது என்பதால் என் அறைக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டிருக்கிறேன்.

நாலு மாதமாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் அதிர்ச்சி என்கிறார். எனக்கென்னவோ மனசு அடங்கிவிட்டது என்றுதான் தோன்றுகிறது. சாப்பாடுதான் கொஞ்சம் சிரமம். ஸ்பூனைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வாயை இறுக்கிக்கொள்வாள். நான் கோபப்படுவதில்லை. எத்தனை மணி நேரமானாலும் ஸ்பூனோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பசி வந்தால் திறந்துதானே ஆக வேண்டும். நீங்கள் என்னை இங்கே வைத்துக்கொண்டால், அந்தப் பொறுமை அவளிடம் வேறு யாருக்கு சார் வரும்?