மல்லாட்டையை நிறுத்திய வீடு

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரே வீட்டு மருமகள்கள் இருவர். இளையவள் மடியில் எட்டு மாதக் குழந்தை. “மல்லாட்ட, மல்லாட்ட” என்று வேகவைத்த வேர்க்கடலை விற்பவர் ஏறியதும், மூத்தவள் அவரைக் கையசைத்துத் தள்ளிப் போகச் சொன்னாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

“என் பொண்ணுக்கும் மல்லாட்ட ஒத்துக்காம போயிருக்கலாம்.”

“இன்னாக்கா இப்பிடிப் பேசுற?”

“பின்ன? ரெண்டு மாசத்துக்கு முன்ன மல்லாட்ட பட்டு உன் புள்ளைக்கு ஒருவாட்டி ஒதடு வீங்குச்சு. உடனே அத்த ரெண்டு காணி மல்லாட்டைய நிறுத்திட்டு உளுந்து வெதைக்கிறாங்க. என் பொண்ணு பத்து நாளு காய்ச்சல்ல கெடந்தாளே, ஒரு டம்ளர் வெந்நி வெச்சுக் குடுத்தாங்களா?”

இளையவள் குழந்தையின் கன்னத்தைத் துடைத்தாள்.

“உன் பொண்ண ஊரே தூக்கிக் கொஞ்சுச்சுக்கா. இவனுக்கு யாரு முத்தம் குடுக்குறாங்க? இன்னாத்த தின்னோமோன்னு பயந்துக்கினு எல்லாரும் தள்ளியே நிக்கிறாங்க.”

மூத்தவள் அதே எரிச்சலோடு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“நானும் மல்லாட்டைய வாயில வெச்சு ரெண்டு மாசம் ஆவுது. குடுடி இப்பிடி.”