பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம்

"கட்டுரையில என் பேருதான் சார் முதல்ல வரணும்" என்று பேராசிரியர் குணசேகரனிடம் கேட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று சீனியர்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கேட்டால் கிடைக்கும் என்ற மூடநம்பிக்கை இருந்தது.

"பேரு எங்கம்மா ஓடிடப் போவுது? வேலையப் பாரு."

வேலை இதுதான். கோள விண்மீன் கொத்தில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் நாற்றங்கால் போல நெருக்கியடித்து நிற்கும். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில், ஒன்றையொன்று ஒட்டிச் சுற்றும் இரட்டைகளைத் தேட வேண்டும். ஒன்று மற்றதை மறைத்தால் வெளிச்சம் குறையும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, பாபநாசத்தில் குத்தகை நிலத்தில் நின்ற அப்பாவுக்கு போன் போட்டேன். "பட்டா யாரு பேர்ல?" என்றார்.

ஜூனியர் அஃப்ரீன் சரிபார்த்தாள். "அக்கா, இது இரட்டையே இல்லக்கா. பக்கத்துல இருக்குற இரட்டையோட வெளிச்சம் இதுமேல கசியுது. சார்கிட்ட சொல்லிடலாமா?"

பக்கத்து வயல் தண்ணீர் வரப்பு கசிந்து வந்ததை என் தண்ணீர் என்று கொண்டாடியிருக்கிறேன். விவசாயி மகள்.

"நான் சொல்லிக்கிறேன், நீ போய்ச் சாப்புடு" என்றேன். சொல்லவில்லை. சார் தன் பெயரை முதலில் போட்டு அசிங்கப்படட்டும் என்பது திட்டம். மறுநாள் அவளிடம், "சார் பாத்துட்டாரு, பரவாயில்லையாம்" என்றேன்.

என்னை அடக்க, சார் அஃப்ரீன் பெயரை முதலில் போட்டார். அவள் எனக்கு அசோகா அல்வா வாங்கி வந்தாள். அப்போதும் சொல்லவில்லை. அசோகா நன்றாகத்தான் இருந்தது.

கட்டுரை வெளியானது. வெளிநாட்டுக் குழு ஒன்று தவறைச் சுட்டியது. "அந்தப் பொண்ணுதான் செக் பண்ணுச்சு" என்று சார் கைகழுவினார். தெரிந்தே மறைத்தாளா என்று விசாரணை. ஆமென்றால் அவள் ஆராய்ச்சிப் படிப்பு அத்தோடு சரி.

இன்று என்னைக் கூப்பிட்டார்கள். "தப்புன்னு உங்ககிட்ட அப்பவே சொன்னதா அஃப்ரீன் சொல்றாங்க. சொன்னாங்களா?"

அவள் அத்தாவுக்கு துபாயில் கடை இருக்கிறது. நான் விழுந்தால் சேற்றில்தான் விழ வேண்டும். இதையெல்லாம் அந்த நாற்காலியில் நிதானமாக யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

"இல்லைங்க. எங்கிட்ட எதுவும் சொல்லல."

வெளியே பெஞ்சிலிருந்து அஃப்ரீன் எழுந்தாள். "சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லிட்டேன்."

படியிறங்கினேன். இந்தத் துறையில் பெரியவர்கள் சின்னவர்களைத் தின்கிறார்கள். அதை எதிர்த்து வாய் திறந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தபடி கேட்டைத் தாண்டி நடந்தேன்.