செம்புச் சுத்தியல்

ஐயா,

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் என் தம்பி. அவன் வலப்பக்கம் அவன் மனைவி. எதிரே, காரை வாங்க வந்த பல் டாக்டர். ஜன்னலோரம் நான், அங்கே உட்கார்ந்தால்தான் கொட்டகையில் நிற்கும் கார் தெரியும்.

அது அப்பா விட்டுப்போன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. தம்பி பெயரில் இருந்தது. என் கையில் வளர்ந்தது. பத்தொன்பது வருடம் அதன் இரண்டு கார்புரேட்டர்களையும் காதில் ரப்பர் குழாய் வைத்து, மூச்சுக் கேட்டுச் சமன் செய்தவன் நான்.

பழைய என்ஜினைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வைக்கலாம் என்றார் டாக்டர். தம்பி தலையாட்டினான்.

“வேலை பாக்க ஆள் கிடைக்குமா?”

“எதுக்கு ஆளு? அண்ணனையும் சேத்தே ஓட்டிட்டுப் போங்க டாக்டர். பெட்ரோல்கூட வேணாம், ரெண்டு வேளை சோறு போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள்.

அந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவே ஒரே ஒரு பெரிய நட்டு. செம்புச் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். இடப்பக்கத் திருகு மரையும் வலப்பக்கத் திருகு மரையும் எதிரெதிர். ஓட ஓட நட்டு தானாக இறுகும். பக்கம் மாறினால் ஓட ஓடக் கழலும். திங்கட்கிழமை முன்சக்கர ஹப், அதாவது அந்த நட்டு ஏறும் மரை உள்ள நடுக்குடம், இரண்டையும் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து, பக்கம் மாற்றிப் பொருத்தினேன். தெருமுனை தாண்டுவதற்குள் கழலும், மட்கார்டு நசுங்கும், டாக்டர் வேண்டாம் என்பார், நான் நிமிர்த்திக்கொள்வேன் என்பது என் எண்ணம். பாலத்துக்கு அப்பால் இறக்கம் இருப்பதும் தெரியும்தான்.

புதன் காலை தம்பி காரை ஒப்படைக்கக் கிளம்பினான். அவன் மனைவி பஸ்ஸில் போவதாகப் பேச்சு. கடைசி நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

“கடைசியா ஒரு தடவை இதுல போயிக்கிறேன். மாமா, நட்டெல்லாம் தட்டியாச்சா?”

“தட்டியாச்சும்மா.”

அதில் பொய்யில்லை. சக்கரத்துக்கு மூன்று தட்டு, வழக்கம்போல. அவள் பக்கக் கதவைச் சற்றுத் தூக்கினால்தான் மூடும். வேறு யாருக்கும் அது கைவராது. நானே மூடிவிட்டேன்.

இறக்கத்தில்தான் கழன்றது. இருவருமே பிழைக்கவில்லை.

உங்கள் அறிக்கையில், “முறையான பராமரிப்பு இல்லாததால்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். கொன்றது நான். பத்தொன்பது வருடத்தில் அந்த வண்டி ஒருநாள்கூட நடுவழியில் நின்றதில்லை.

இப்போது அது உங்கள் காவல் நிலைய முற்றத்தில் மழையில் கிடக்கிறது. தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். ஹப்களைச் சரியான பக்கத்தில் மாட்டும் படத்தை வரைந்து இணைத்திருக்கிறேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். உறையை ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்திப் பார்த்த பிறகே தபாலில் சேர்ப்பேன். எதையும் சரிபார்க்காமல் வெளியே அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை.