காரைப் பார்த்துக்கொண்டவன்

இந்தக் கரையில் உப்புக் காற்றுக்குத் தப்பியது எதுவும் இல்லை, ஐயா. உங்கள் ஸ்டேஷன் ஜன்னல் கம்பியையே பாருங்கள், தொட்டால் உதிர்கிறது. எங்கள் குடியிருப்பில் ஃபிரிட்ஜ் நின்றுபோனாலும் சைக்கிள் செயின் அறுந்தாலும் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: உப்புக் காத்து. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. நானும் பல வருடங்கள் அதையேதான் சொல்லிவந்தேன்.

என் பெயர் சதாசிவம். ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை. சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். கல்யாணம் ஆகவில்லை. பேச்சு வந்தது, நின்றது, பிறகு யாரும் பேசவில்லை. வார நாட்களில் ஆபீஸ் இருக்கிறது. சனிக்கிழமை துணி துவைப்பதில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை என்றால்தான் எனக்குப் பயம். பேப்பரை டெண்டர் விளம்பரம் உட்படப் படித்து முடித்தாலும் பொழுது நகராது. அக்கம்பக்கத்தில் குக்கர் விசில் கேட்டால் அவர்கள் சாப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்வேன். அன்றைக்கு எனக்கு வரும் சேதி அது ஒன்றுதான்.

தொண்ணூற்றேழில் எதிர்வீட்டுக்கு ஜெபகுமார் குடிவந்தான். மதுராந்தகம் பக்கத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். இவன் படித்து எங்கள் நிலையத்தில் டெக்னீஷியன் ஆனவன். மனைவி எஸ்தர், அப்போதுதான் நடக்கப் பழகிய பெண் குழந்தை சிநேகா. வந்த கொஞ்ச நாளிலேயே கூடுவாஞ்சேரியில் ஒரு பழைய காரைப் பிடித்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் குடும்பத்தில் முதல் கார். தெருவே வந்து பார்த்தது. அடுத்த ஞாயிறு சர்ச்சிலிருந்து திரும்பியவன் காரையே சுற்றிச் சுற்றி வந்தான். நான் படியிறங்கிப் போனேன்.

"வண்டி யாரோ பின்னால புடிச்சி இழுக்கற மாரி கீது அண்ணாத்த. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா உருள மாட்டுது. உனுக்கு இன்னானு தெரியுமா?"

அவன் ஊரில் அப்படித்தான் பேசுவார்கள், மரியாதைக் குறைவு இல்லை. என்னை ஒருமையில் அழைக்க ஆளே இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அது எனக்குப் பிடித்தது.

முன் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனேன். அனல் அடித்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. டிஸ்க் பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. இதற்கு ஒரு சோதனை உண்டு. பிரேக்கில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் தளர்த்த வேண்டும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் விடவில்லையென்றால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரிலேயே கோளாறு. இதில் விடவில்லை. காலிபரைக் கழற்றினோம். உள்ளே பிஸ்டனில் துரு, காலிபர் நகர்வதற்கான பின்கள் காய்ந்து கிடந்தன. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, புது ரப்பர் சீல் மாட்டி முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது.

"கைய கழுவினு வாங்கண்ணே, ஆறிடும்" என்றாள் எஸ்தர். மீன் குழம்பு. என்னை உட்கார வைத்து மறுசோறு போட்டாள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பிரேக் சரியாகிவிட்டது. பிரச்சினையே அதுதான். அடுத்த ஞாயிறு ஜெபகுமார் எனக்குக் கையாட்டிவிட்டுக் குடும்பத்தோடு மகாபலிபுரம் கடற்கரைக்குப் போனான். அதற்கடுத்த ஞாயிறும் போனான். அந்தக் கார் எவ்வளவு லேசாக உருள்கிறது என்று ஜன்னலருகே நின்று பார்த்தேன்.

பிரேக்கில் இருக்கும் ரப்பர் சீலுக்குச் சாதாரண வண்டி கிரீஸ் ஆகாது. பட்டால் ரப்பர் ஊறிப் பருத்துவிடும். உடனே இல்லை, சில வாரங்களில். ரோட்டோர ஷெட்டுகளில் விவரம் தெரியாமல் தடவிவிடுவதும் உண்டு. எனக்கு விவரம் தெரியும். "ஒருவாட்டி செக் பண்ணிடலாம்ப்பா" என்று கழற்றச் சொல்லி, விரல் நுனியில் எடுத்துத் தடவினேன். பிள்ளை நாக்கில் வசம்பு உரசி வைப்போமே, அந்த அளவுதான்.

பிரேக் என் சொல்லைக் கேட்டது. கொஞ்ச நாள் நன்றாக ஓடும், பிறகு ஒட்டும். ஜெபகுமார் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பான். "இன்னா அண்ணாத்த, இந்த வண்டி உன்ன பாக்காம இருக்காது போல" என்பான். நான் கழற்றுவேன், சீல் மாற்றுவேன், மறுபடி தடவுவேன். சிநேகா ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் பழகினாள். சாப்பிடும்போது எல்லோரும் சேர்ந்து உப்புக் காற்றைத் திட்டுவோம். இதை ஏமாற்று வேலை என்று நீங்கள் எழுதினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் முழுதாகப் பார்த்துத்தான் அனுப்பினேன். அந்தத் தெருவில் வேறெந்தக் காருக்கும் அவ்வளவு கவனிப்பு கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்தில் ஒரு ஞாயிறு, காருக்கு அடியிலிருந்து எழுந்த என்னிடம் துணியை நீட்டியபடி அவன் சொன்னான்.

"செங்கல்பட்ல ஒரு ஷெட்டு கீது அண்ணாத்த. அடுத்த மாசம் ஒரு சனிக்கெயம வுட்டுட்டு வந்துடறேன். மொத்தத்தையும் மாத்திக் குடுத்துடுவானாம். உனுக்கும் பேஜாரு. எத்தினி நாளிக்கித்தான் எங்க வண்டி அடியிலயே கெடப்ப?"

நல்ல மனதோடுதான் சொன்னான். ஷெட்டில் கழற்றினால் கிரீஸ் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கு ஒரு பக்கம். அது பெரிய பயம் இல்லை. கார் ஒரேயடியாகச் சரியாகிவிடும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அதுவரைக்கும் ஓடணுமே" என்று சொல்லி, அன்றே இரண்டு முன் சக்கரங்களையும் பிரித்தேன். அந்தத் தடவை தாராளமாகத் தடவினேன். பிரேக் ஆயிலை மாற்றவில்லை. பழைய ஆயில் ஈரத்தைக் குடித்திருக்கும். பிரேக் விடாமல் உரசிச் சூடேறினால் கொதித்துவிடும். கொதித்தால் பெடல் காலோடு கீழே போகும், வண்டி நிற்காது. இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். ஆனால் நான் நினைத்தது வேறு. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் கருகல் வாசனை வரும். அவன் நிறுத்துவான். பூத்திலிருந்து எனக்குப் போன் செய்வான். நான் டூல் பையோடு போய்ச் சேருவேன். செங்கல்பட்டு ஷெட்டை அதோடு மறந்துவிடுவான்.

அந்தச் சனிக்கிழமை எஸ்தரும் பிள்ளையும்கூடக் கிளம்பினார்கள். சிநேகாவுக்கு ஸ்கூல் ஷூ வாங்க வேண்டுமாம். பின் கதவைச் சாத்தியது நான்தான். பிள்ளை கண்ணாடி வழியாக டாட்டா காட்டினாள். "வழியில எதுனாலும் போன் பண்ணு" என்று ஜெபகுமாரிடம் சொன்னேன். பிறகு போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, டூல் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போன் வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து. செங்கல்பட்டை நெருங்கும் இடத்தில் முன்னால் போன நெல் லாரி நின்றிருக்கிறது. இவன் கார் நிற்கவில்லை. ஜெபகுமார் அந்த இடத்திலேயே போய்விட்டான். எஸ்தருக்குத் தோள்பட்டை முறிந்திருந்தது. பிள்ளைக்கு இடது காது கேட்காமல் போயிற்று.

"கருகுற வாசன வந்துச்சுண்ணே" என்றாள் எஸ்தர், கட்டிலில் படுத்தபடி. "அண்ணனுக்குப் போன் பண்ணலாமானு கேட்டேன். வேணாம், இன்னிக்காவது அந்த மனுசன் நிம்மதியா இருக்கட்டும், மெதுவா போயிடலாம்னாரு."

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஐயா. நான் போன் பண்ணச் சொன்னேன். அவன் பண்ணவில்லை.

பழைய கார், பிரேக் கோளாறு என்று வழக்கு முடிந்தது. கல்லறைத் தோட்டத்திலும் உப்புக் காற்றைத்தான் திட்டினார்கள். எஸ்தருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அருகிலேயே வீடு பார்த்துக் கொடுத்தேன். கேஸ் சிலிண்டர், ரேஷன், பிள்ளையின் கணக்குப் பாடம், எல்லாம் என் பொறுப்பு. ஞாயிறு மதியச் சாப்பாடு அங்கேதான். கேட்கும் காது என் பக்கம் வரும்படி சிநேகா இடம் மாறி உட்காருவாள். ஜெபகுமார் இல்லாத குறை எனக்கும் இருந்தது, அவனை நான் தம்பியாகத்தான் நினைத்தேன். இருந்தாலும் என் வாழ்நாளில் நல்ல வருடங்கள் என்றால் அவைதான்.

போன தை மாதம் எஸ்தர் மறுமணம் செய்துகொண்டு கேளம்பாக்கம் போய்விட்டாள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், நல்ல மாதிரி. முதலில் போன் வந்துகொண்டிருந்தது. பிறகு நான்தான் செய்தேன். ஒரு ஞாயிறு பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ மாறி அவர்கள் ஃபிளாட்டுக்குப் போனேன். கீழே அவர்களுடைய கார் நின்றது. புத்தம் புதுசு. சக்கரத்தில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. எஸ்தர் காபி கொடுத்தாள். கிளம்பும்போது, "இவ்ளோ தூரம் எதுக்குண்ணே அலையறீங்க, நாங்களே ஒரு நாளிக்கி வர்றோம்" என்றாள். வரவில்லை.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக எழுதிக்கொள்ளுங்கள். ஜெபகுமாரைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும். நான் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் சாட்சிகளைக் கூப்பிட மாட்டார்கள் என்று வெளியே ஏட்டு சொன்னார். அது உண்மையென்றால், நீதிபதி முன்னால் நான் எதையும் செய்யவில்லை என்றுதான் சொல்வேன். கேஸ் எத்தனை வருடம் இழுத்தாலும் பரவாயில்லை. எஸ்தர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வரட்டும்.